இடுகாட்டின் குறுக்குச் சுவர்

புரட்டாசி 14, செவ்வாய். இன்று நாட்குறிப்பில் எழுத வேண்டியவை:

1. முன்னாள் படைவீரர் இடுகாட்டுக்கு அரசு நிதி வந்தது.
2. இன்றைய சங்கக் கூட்டம்.
3. பராமரிப்புக்கு அரசு எதுவும் தராதது.

எல்லா வீரர்களுக்கும் ஒரே இடுகாடு வேண்டும் என்று மனு எழுதியவன் நான்தான். இன்று தலைவர், பழைய சுபேதார், வரைபடத்தை விரித்தார். நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருந்தது.

"இது எதுக்கு, சாப்?" என்றார் ஹவில்தார் மாரியப்பன்.

"ஊர்ல பேச்சு வரக்கூடாதுல்ல மாரியப்பா. உங்க தெருவுக்குத் தனி வாசலே வச்சிருக்கோம்."

"பனியில ஒரே கூடாரத்துல ஒட்டிக்கிட்டுப் படுத்தோமே, அப்ப என் வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

சிலர் சிரித்தார்கள். மாரியப்பன் என்னைப் பார்த்தார். செயலாளர் என்ற முறையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"எங்க தெரு ஆளுங்களைப் புதைக்கிற வாய்க்கால் கரையிலேயே என்னையும் புதைக்கட்டும்" என்று அவர் எழுந்து போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

புல் வெட்டவும் காவலுக்கும் பணமில்லை என்று அரசைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவதாக எழுதியது தவறு. பராமரிப்புக்கும் அரசு தந்திருக்கிறது. அந்தப் பணத்தைத்தான் குறுக்குச் சுவருக்கு மாற்றி இன்று தீர்மானம் போட்டோம். எழுதியது என் கை.