மேலே ஏறிய நாலாம் கல்

ஒக்டோபர் 6, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவைக்கிறேன். நேற்று நான் கண் கிளினிக்கில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம், மருமகன் செல்வம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கம்ப்யூட்டரை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பதுளைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். இரண்டு மாதம் பாடுபட்டு ப்ராசசருக்கு நான் ஏற்றிவைத்த வேகம் அடியோடு போனது. கம்பனியில் இருந்து வந்த வேக எண் 36. நான் ஓட்டியது 45. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்தது மறுபடி 36-ல்.

அந்த வேகத்துக்கு நான் கண்டுபிடித்த எண்களும் போயின. பெட்டியின் பக்கத் தகட்டில், உட்புறம், பெயின்ட் பேனாவால் எழுதியிருந்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார்கள். சுத்தமாம்.

கொப்பியில் எழுதக் கூடாதா என்கிறார்கள். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர் நான். ரோலருக்கு எவ்வளவு அழுத்தம், டிரையருக்கு எவ்வளவு சூடு, எல்லாம் அந்தந்த மெஷின் உடம்பில்தான் எழுதுவோம். கொப்பி ஆபீசுக்குப் போகும், தொலையும். மெஷின் எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

செல்வம்: "தொண்ணூத்தி மூணு டிகிரி சூடு மாமா. பிள்ளைங்க நடமாடுற வீடு."

நான்: "டிரையர் இதவிடச் சூடு. முப்பது வருஷம் பக்கத்துலயே நின்னேன். வெந்தா போனேன்?"

செல்வம்: "நீங்க எங்க மாமா வேகப்போறீங்க. அடுப்புதான் அணையும்."

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனம். யார் பக்கம் பாருங்கள்.

வருகிற திங்கள் கச்சேரி அரசாங்க ஆபீசிலிருந்து, மண் சரியுமா என்று மலையைப் பார்க்க ஐயாமார் வருகிறார்கள். அதற்குள் இந்த மாதக் கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

கீழ் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே உள்ள மலை. தேயிலைக்குள் பன்னிரண்டு கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். ஜூனிலும் செப்டம்பரிலும் எதிர் ரோட்டிலிருந்தும் கோயில் மேட்டிலிருந்தும் போனில் நானூறு நானூறு படம். படங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் மலையை உருவாக்கும். அசையாத பாறையிலிருந்து ஒவ்வொரு கல்லும் எவ்வளவு இறங்கியது என்று அதில் அளக்கலாம். டேப் பிடித்தால் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம்தான் தெரியும். எல்லாம் சேர்ந்து இறங்கினால் டேப்புக்கு என்ன தெரியும்?

ஜூன் கணக்கு 36-ல் செய்தது, பத்து மணி நேரம். செப்டம்பர் கணக்கு என் 45-ல், எட்டு மணி. இங்கே கரண்ட் நிற்கிற லட்சணத்துக்கு இரண்டு மணி பெரிய விஷயம்.

செப். முடிவு: தண்ணீர் டாங்கிப் பக்கத்துக் கற்கள் இறங்குகின்றன. கீழ் லயத்துக்கு நேர் மேலே 7-ஆம் கல், அரை அங்குலம். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்தக் கல்லுக்குக் கீழேதான் கடைசி வீட்டுக் காளிமுத்து. பயப்படாதே என்று நானே போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்து பின் அறையில் கட்டில் போட்டான்.

ஒக். 7, புதன். மழை விட்டு வெயில், மறுபடி மழை.

பதுளை. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முழங்கால் வலி.

கடையில் மெஷின் பார்ப்பவள் ரேணுகா என்ற பெண். முப்பது வயதிருக்கும். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாம். எழுந்து நிற்கிற மரியாதை இருந்தது. வாய்க்கு மட்டும் பூட்டு இல்லை.

"என் எண்ணையெல்லாம் அழிக்க உனக்கு யாரும்மா உத்தரவு தந்தது?"

"உங்க மருமகன் தந்தாருங்க ஐயா."

"மெஷின் அவனுதா?"

"மெஷின் காய்ச்சல்ல கெடந்துச்சுங்க. வோல்டேஜ் பத்தாம வேகத்த ஏத்தி வச்சிருந்தீங்க. சோறு போடாம மூட்டை தூக்கச் சொன்னா எப்படி?"

"ஒரு நாளாவது நின்னுச்சா? நிக்காமத்தானே ஓடுச்சு."

"ஓடுச்சு. சோதிச்சீங்களா? எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

சிரித்தாள். "இருபது நிமிஷத்துல தேத்தண்ணிதாங்க ஊத்தலாம். பன்னெண்டு மணி நேரம் முழுப் பாரத்துல ஓட விடணும்."

ரோலரைப் பழுதுபார்த்தால் ஒரு தடவை கொழுந்து போட்டு ஓட்டிப் பார்ப்போம். இருபது நிமிஷம். சத்தம் சரி, நடுக்கம் இல்லை, கையெழுத்து. முப்பத்தொரு வருஷத்தில் எந்த ரோலரும் என்னை ஏமாற்றியதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் சிரிப்பாள்.

வாங்கியது: பாக்கியத்துக்குத் தைலம், சுண்ணாம்பு, அரை றாத்தல் பாண். குடையை பஸ்ஸில் விட்டேன். அதுவும் செல்வத்தால்தான்.

ஒக். 8, வியாழன். மூடுபனி. எதிர் மலை தெரியவில்லை.

புதுப் படம் எடுக்க வழியில்லை. சரி, செப். படங்களையே அவள் வேகத்தில் ஓட்டுவோம், எவ்வளவு மந்தம் என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டுவோம் என்று காலை ஆறுக்குப் போட்டேன். சாயங்காலம் நாலு மணி ஐந்துக்கு முடிந்தது. பத்து மணி ஐந்து நிமிஷம். மாடு இதைவிட வேகமாக நடக்கும்.

7-ஆம் கல்: ஒன்பது அங்குலம்.

அரை அங்குலம் இல்லை. ஒன்பது. அதே படங்கள், அதே பாறை. துடைக்கிறேன் என்று எதையோ கெடுத்திருக்கிறாள். செல்வத்திடம் கத்தினேன். சாப்பிடவில்லை.

ஒக். 9, வெள்ளி. மழை பிடித்துக்கொண்டது.

மறுபடி அதே 36-ல். கரண்ட் நிற்காதது அதிசயம். 7-ஆம் கல் ஒன்பது அங்குலம். மற்றக் கற்களும் நேற்றைய கணக்கேதான். கெட்டுப்போன மெஷின் இரண்டு நாளும் ஒரே பொய்யைச் சொல்லுமா?

பாக்கியம்: "நேத்து ஒம்பது, இன்னைக்கும் ஒம்பது. அதுக்கு ஒரே பேச்சு. உங்களுக்குத்தான் அது புடிக்கல."

சாயங்காலம் 45-ஐ நினைவிலிருந்து போட்டேன். வோல்டேஜ் 1.26, அது நிச்சயம். மற்றச் சின்ன எண்கள் மூன்று ஞாபகமில்லை. ஓட விட்டுப் படுத்தேன்.

ஒக். 10, சனி. மழை. ஓடையில் செம்மண் தண்ணீர்.

விடிந்து பார்த்தேன். எட்டு மணியில் முடித்திருந்தது, நிற்காமல். 7-ஆம் கல் இரண்டு அங்குலம். நாலாம் கல் மலையில் மூன்று அங்குலம் மேலே ஏறியிருக்கிறது.

கல் மேலே ஏறுமா?

ஞாபகமில்லாத அந்த மூன்று எண்களால்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு செப்டம்பர் தாளை எடுத்தேன். அதிலும் நாலாம் கல் மேலே ஏறியிருக்கிறது, ஒன்றரை அங்குலம். பக்கத்தில் என் கையெழுத்திலேயே: "சுண்ணாம்பு வழிந்திருக்கும். விட்டுவிடு."

விட்டுவிட்டேன். படித்தவன் எவனும் இல்லாமல் நானே கற்றுக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான்.

ஓடுகிற டிரையர் ஈரத் தூளையும் கொட்டும். அன்றைக்கு அதைக் கையில் அள்ளிப் பார்க்கத் தெரிந்தது. இங்கே நிற்காமல் ஓடினாலே கணக்கும் சரி என்று நம்பி அள்ளிப் பார்க்கவில்லை.

குடை இல்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். 7-ஆம் கல்லுக்குப் பத்தடி மேலே தேயிலைச் செடிகளை விலக்கினால் தரை பிளந்து கிடக்கிறது. முழங்கை வரை கை போனது. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கொப்பு மூடியிருக்கிறது. செடி வரிசை மட்டும் அந்த இடத்தில் வளைந்திருக்கிறது. போன மாதம் இதே வழியில்தான் கல்லுக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்தேன். தலை குனிந்து கல்லை மட்டும் பார்த்தேன்.

இறங்கிக் காளிமுத்து வீட்டுக்கு. சேற்றோடு வாசலில் நின்றேன்.

"காளிமுத்து, நான் சொன்னது பிழை. மகளக் கூட்டிக்கிட்டு மேல் லயத்துக்கு வந்திரு."

"என்னாண்ணே வெளையாடுறீங்களா? அசையலன்னு நீங்கதானே தாளோட வந்து காட்டுனீங்க."

"தாளும் பிழை."

"ஒங்க கம்ப்யூட்டர் மாசத்துக்கொரு பேச்சுப் பேசுது. புள்ள நெறமாசம், மழையில எங்க தூக்கிக்கிட்டு ஓடுறது? திங்கக்கெழம ஐயாமார் வரட்டும், அவுங்க சொல்லட்டும்."

உள்ளேயிருந்து மகள்: "யாருப்பா, கல்லுத் தாத்தாவா? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

குடிக்கவில்லை. எப்படிக் குடிப்பது?

வீட்டில் செல்வம் என் தலையிலிருந்த சாக்கை வாங்கி உதறிக் கொடியில் போட்டான். குத்திப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் செய்தது நல்லதாக முடிந்தது வேறு. கேட்காமல் செய்தது வேறு. இரண்டாவதை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஒக். 11, ஞாயிறு. மழை. பகல் இரண்டு மணி. கரண்ட் இல்லை.

யார் யார் என்ன செய்ய வேண்டும்:

செல்வம்: தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போய் மேல் லயத்து ஸ்டோர் அறைச் சாவி வாங்க வேண்டும். கட்டில் தூக்க நாலு பேர். இனி என் மெஷினைத் தொடுமுன் என்னைக் கேட்க வேண்டும்.

தலைவர்: தோட்டத்து லொறியை இன்றே கேட்க வேண்டும், நாளை அல்ல. கீழ் லயத்துக் கடைசி நாலு வீடும் காலியாக வேண்டும்.

பாக்கியம்: ஸ்டோர் அறையைக் கூட்டிச் சாக்கு விரிக்க வேண்டும். சுடுதண்ணீர் போத்தல்.

ஐயாமார்: ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. பிளவுக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டும். நான் கூட்டிப்போவேன்.

ரேணுகா: ஒன்றுமில்லை. அவள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டாள்.

நான்: செப். தாளைக் கிழிக்கக் கூடாது. மேலே "பிழை, என்னுடையது" என்று எழுதி இரண்டு தாளையும் ஐயாமாரிடம் கொடுக்க வேண்டும்.

நான்: பிறகு, மழை விட்டதும், 42-ல் வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் சோதிக்க வேண்டும். 36-ல் விடமாட்டேன். தகட்டிலும் எழுத வேண்டும், கொப்பியிலும்.

காளிமுத்து: இருட்டுமுன் மகளோடு வெளியேற வேண்டும்.

அவன் மாட்டேன் என்றால், நான்: போர்வையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பின் அறையில், கட்டிலுக்குக் கீழே படுக்க வேண்டும். அவன் எழுந்தால்தான் நானும் எழ வேண்டும்.