வாப்பா படகில் ஏறினார்

உச்சமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் றிம்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாக வாசி. வாப்பாவும் நானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். புயல் போய்விட்டது. இங்கேயும் கற்பிட்டியிலும் போன் கோபுரங்கள் சரிந்து கிடப்பதால் உனக்குப் பேச வழியில்லை. கற்பிட்டி நௌஃபர் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். நீ அங்கே செய்தி பார்த்துப் பார்த்துப் பாதி உயிராகியிருப்பாய். இனியாவது ஒழுங்காகச் சாப்பிடு.

அரசாங்கம் வண்ணாத்திவில்லில் தருகிற காணியை எடுப்போம், இந்தக் கடற்கரையை விட்டுப் போவோம் என்று நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் எத்தனை வருஷமாக வாப்பாவோடு மல்லுக்கட்டினோம். அவருக்கு ஒரே பதில்தான். ஒருக்கா எழும்பச் சொன்னாங்க, எழும்பினன், இனி என்னய ஆராலும் எழுப்ப ஏலா என்பார். நீ அதைப் பிடிவாதம் என்றாய். கூடவே வாழ்ந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல் கடற்படையின் படகுகள் வந்தன. அஸர் தொழுகைக்கு முன்னம் தீவில் உள்ள எல்லாரும் ஏற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வாப்பாவின் முகம் மாறிப்போனது. உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நான் ஏசினேன், அழுதேன், தனியாகப் போய்விடுவேன் என்று வெருட்டியும் பார்த்தேன். பிறகுதான் எனக்குப் பட்டது. தொண்ணூறில் மன்னாரிலும் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கக்காரர்கள் இப்படித்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இப்படித்தான் கரையில் படகு நின்றது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அவருடைய உம்மா வீட்டைப் பூட்டிக் கையில் வைத்திருந்த திறப்பைக் கரையில் வைத்து வாங்கிக்கொண்டார்களாம். கல்யாணமான புதிதில் ஒரேயொரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை, மகன்.

அலை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அருளப்பு, பெண்சாதி பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டு எங்களைக் கூப்பிட வந்தார். வந்தவர் வாதாடவில்லை. கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா, கதவப் பூட்டித் திறப்ப நீங்களே மடியில வச்சிக்கொள்ளுங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க என்று மட்டும் சொன்னார். வாப்பா எழும்பினார். கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், திறப்பைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு படகில் ஏறினார். அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். உண்மையைச் சொன்னால், அருளப்பு மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கற்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பாணும் பருப்பும் குறைவில்லாமல் தந்தார்கள். காற்று போட்ட கூத்தில் நான் கண் மூடவில்லை. எங்கள் தீவில் ஓர் உயிருக்கும் சேதமில்லை. மற்ற ஊர்களில் நடந்ததைக் கேட்டால் அழுகைதான் வருகிறது, எழுதமாட்டேன்.

நேற்றுத் திரும்பி வந்தோம். கூரைத் தகரம் ஒன்றும் இல்லை. கடல் பக்கத்துப் பின்சுவரும் இல்லை. உன்னுடைய கட்டில் அருளப்புவின் வளவில் கிடந்தது. முன்சுவரும் கதவும் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. நான் பின்பக்கத்தால் நேரே குசினி அடுப்படிக்குள் நடந்து போய்விட்டேன். வாப்பா என்ன செய்தார் தெரியுமா? சுற்றிக்கொண்டு முன்னுக்குப் போய், பூட்டைத் திறந்து, பிஸ்மி சொல்லி, வலது காலை வைத்து உள்ளே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதார். விட்டுட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்திட்டன் றஹ்மா என்றார். நான் பார்க்காத மாதிரி மணலை அள்ளிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவராகவே சொன்னார், வண்ணாத்திவில்லுக்குப் போவம், இது நாமளாப் போறது என்று. உனக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். திங்கட்கிழமை கிராம சேவகரிடம் போய்ச் சொல்லப் போகிறார். நம்முடைய தோணி அருளப்புவிடம் இருக்கும், மீன் படும் காலத்தில் வாப்பா வந்து போவார். அருளப்பு வரவில்லையாம், கடலை விட்டால் தனக்கு வேறு தொழில் தெரியாது என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

உன் ஆசை நிறைவேறிவிட்டது. என் ஆசையும்தான். இனிக் காற்று அடித்தால் நானும் நித்திரை கொள்வேன். எனக்குச் சந்தோஷம்தான், மகன், நீ வேறு மாதிரி நினைக்காதே. ஆனால் நான் பிறந்தது இந்தத் தீவில், உன்னைப் பெற்றதும் இங்கேதான். ஊரை விட்டுப் போவதில் வாப்பா பழகினவர். எனக்கு இது முதல் தடவை.

உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைத் தரட்டும், உன்னை எங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும். புது வீட்டை உன் விருப்பப்படி கட்டு, நான் ஒன்றிலும் தலையிட மாட்டேன். நான் படுக்கிற அறையில் மட்டும் மேற்குப் பக்கம் ஒரு யன்னல் வை. அங்கேயிருந்து கடல் தெரியாது என்று மேசன் சிரிப்பான். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் வை, மகன்.

உனக்காக எப்போதும் துஆச் செய்யும்,
உம்மா றஹ்மா