உப்புத் தெருவில் இறங்க மறுக்கும் கத்தரிப்பூ நிறக் கார்

அனுப்புநர்:
திருமதி ஆர்லின் டைக்ஹவுஸ்,
லார்ச் தெரு,
எல்க் க்ராசிங், மிச்சிகன்.

பெறுநர்:
நகர மேலாளர் அவர்கள்,
நகர மன்றம், எல்க் க்ராசிங்.

பொருள்: எங்கள் கார்மீது ஒட்டப்பட்ட ‘கைவிடப்பட்ட வாகனம்’ என்னும் சீட்டை நீக்கவும், இயலாவிடில் எங்கள் தெருவை ஒருமுறை தண்ணீர்விட்டுக் கழுவித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்த்தருடைய கிருபையால் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

1. கடந்த வியாழக்கிழமை தங்கள் ஆய்வாளர் திரு. ஃபெல்லர்ஸ் எங்கள் வீட்டு முன்வழியில் நிற்கும் காரின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்றை ஒட்டிச் சென்றார். இந்த வெள்ளிக்கிழமைக்குள் கார் தெருவில் ஓடிக் காட்ட வேண்டுமாம். இல்லையேல் இழுவை வண்டி வருமாம். அவர் சீட்டைக் கண்ணாடியில்தான் ஒட்டினார், வண்ணத்தின்மேல் ஒட்டவில்லை. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

2. மறுநாள் சனிக்கிழமை எங்கள் மகள் கெண்ட்ராவுக்குத் திருமணம். ஆலய வாசலிலிருந்து மணமக்கள் புறப்பட வேண்டியது இந்தக் காரில்தான். ஓட்டப்போவது நான்.

3. கார் என்னுடையது. எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, கத்தரிப்பூ நிறம், வயது பன்னிரண்டு. டென்னசியில் ஒரு பல் மருத்துவரிடம் வாங்கினோம். பனியை உருக்கத் தெருவில் தூவும் உப்பையே மிதிக்காத கார் என்பதற்காகவே அவ்வளவு தூரம் போனோம். ஆயில் மாற்றுவது முதல் ஸ்பார்க் பிளக் மாற்றுவதுவரை நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எதை எந்த மைலில் மாற்றினேன் என்று மளிகைக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறேன். என் கணவர் கெரிட் வந்தவர்களிடமெல்லாம், “ஊர்ல பொம்பளைங்க பேரன் படத்தக் காட்டுவாங்க. என் பொண்டாட்டி பழைய ஆயில் ஃபில்டரக் காட்டுவா, பாத்துட்டுப் போங்க” என்கிறார். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார்.

4. ஆய்வாளர் குறித்துச் சென்ற குற்றங்களுக்கு என் பதில்:

நான்கு சக்கரங்களும் தரையில் இல்லை என்கிறார். உண்மை. குளிர்காலம் முழுதும் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்று தாங்கிகளின்மேல் ஏற்றி வைத்தது நான். அப்படியே பிரேக் பேடும் மாற்றிவிட்டேன்.

சைலன்சர் குழாய் இரண்டிலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் அடைத்திருக்கிறது என்கிறார். எலி புகாமலிருக்க அடைத்தேன். உள்ளே புதினா வாடை வீசுகிறது என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் எலிக்குத்தான், புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு.

பேட்டரியைக் காணோம் என்கிறார். இதை அவர் நேரிலேயே கேட்டார்: “என்னம்மா, பேட்டரியே இல்லாத கார் எப்படிம்மா ஓடும்?” நான் சொன்னேன்: “அது துணி துவைக்கிற ரூம்ல சார்ஜ்ல இருக்கு தம்பி. என்னவிட நல்லாத் தூங்குது. வந்து பாக்குறியா?” அவருக்கு நேரமில்லை.

ஐயா, கைவிட்ட பொருளுக்கு யாராவது புதினா எண்ணெய் வைப்பார்களா?

5. அப்படியானால் தெருவில் ஓட்டிக் காட்ட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நம் ஊரில் இப்படிப்பட்ட கார் வைத்திருக்கும் எவரும், பனி போனபின் ஒரு நல்ல மழை பெய்து தெருவைக் கழுவும்வரை காரை வெளியே எடுப்பதில்லை. மார்ச் கடைசியில் விழுந்த பனிக்கு நகராட்சி போட்ட உப்பு, எங்கள் தெருவில் இன்னும் கோலமாவு போல வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த உப்பு அடித்தகட்டில் ஏறினால் இரும்பைத் தின்னாமல் இறங்காது. ஆக, காரை நகர்த்து என்பதும் நகராட்சிதான், நகர்த்த முடியாமல் செய்ததும் நகராட்சிதான்.

6. இதில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த உப்பு வண்டியை ஓட்டியவர் தங்கள் ஊழியர் ப்ரோடி நோவாக். சனிக்கிழமை எங்களுக்கு மருமகனாகப் போகிறவரும் அவரே. கேட்டதற்கு, “அத்தை, மேலதிகாரி போடச் சொன்னாரு, போட்டேன். ஆனா உங்க வாசல்கிட்ட வந்ததும் பயத்துல கை நடுங்கிருச்சு” என்றார். நடுங்கிய கையிலிருந்து எங்கள் வாசலில் மட்டும் இரண்டு மடங்கு விழுந்திருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் கார் அவரை நிச்சயம் நினைக்கும்.

7. திருமணத்தை நினைத்து, சீட்டு வருவதற்கு முந்தின நாளே, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மழைக்காக விண்ணப்பம் வைத்தேன். காரணம் சொல்லவில்லை. தம் வயலை நினைத்துத்தான் நான் கேட்கிறேன் என்று எண்ணி, விவசாயிகள் இருவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அதனாலோ என்னவோ, இன்னும் ஒரு துளி விழவில்லை.

8. ஆகவே, இந்தச் சீட்டைத் திருமணம் முடியும்வரையாவது நிறுத்தி வைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். சட்டம் இடங்கொடாது என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் தீயணைப்புத் துறையினர் தெருக்குழாய்களைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது வழக்கம். இவ்வருடம் லார்ச் தெருவில் தொடங்கி, வியாழக்கிழமையே திறந்துவிட்டால் போதும். தெரு காய்ந்தவுடன் ஓட்டிக் காட்டுகிறேன். திரு. ஃபெல்லர்ஸ் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சோதிக்கலாம். பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கியதும் ஆப்பிள் பை இருக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஆர்லின் டைக்ஹவுஸ்

இடம்: எல்க் க்ராசிங்
நாள்: 7 ஏப்ரல் 2025

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மேற்கே மேகம் கறுக்கிறது. இது தங்கள் கைக்கு வருமுன் நல்ல மழை பெய்துவிட்டால் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். தங்கள் அலுவலகம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். கார் ஓடுகிறதா என்று பார்க்க ஆள் அனுப்பவும் வேண்டாம், சன்னலைத் திறக்கவும் வேண்டாம். மூடியிருந்தாலும் கேட்கும்.