அசதி என்று சொன்னேன்

மார்ச் 3
இன்றும் கறுப்புப் பாவாடைதான். ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற வேலை. சுற்றிலும் வெள்ளைத் துணி. எங்கே கறை பட்டுவிடுமோ என்று பயந்தபடியே நிற்கிறேன். இந்த மாதமும் உதிரப்போக்கு நின்றபாடில்லை.

மார்ச் 9
கொழுந்தன் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். வீட்டில் அவருக்குத்தான் இந்த ஊர்ப் பாஷை வரும். தங்கமான மனுஷன். அவருடைய அண்ணன் கண்ணை மூடிய பிறகு எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தவர்.

"அண்ணி, என்ன செய்யுதுன்னு சொல்லட்டும்?"

அவரிடம் அதை எப்படிச் சொல்வேன்?

"அசதியா இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருமே அசதி என்றுதான் வருகிறார்கள் என்றாராம். சத்து மாத்திரை.

மார்ச் 10
விழுங்கினேன். வேறென்ன?

மார்ச் 21
வேலையில் மயங்கி விழுந்தேன். மேற்பார்வைக்காரி இந்த ஊர்க்காரி. கறையைப் பார்த்தும் கத்தவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ரத்தத்துக்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று சொல்லித் தந்தாள். பிறகு 'நிறைய' என்பதற்கும். என் வாயில் அது தும்மல் மாதிரி வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

மார்ச் 24
கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். அதே டாக்டர். இரண்டு வார்த்தையையும் சொன்னேன். ஏதோ பேசிவிட்டு மறுபடி மாத்திரை எழுதினார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். நர்ஸ் வந்து கதவைச் சாத்தி, என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. உடனே ஸ்கேன்.

ஏப்ரல் 19
ஆபரேஷன் முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஃபோனைக் காதில் வைத்தார்கள். டாக்டர் சொல்வதைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பெண் குரல்.

"போன வருஷமே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம், அம்மா. இப்ப கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாப் போச்சாம்."

இப்படிப் பேசிச் சொல்ல ஒரு பொம்பள இருந்தாளா? அப்ப ஏன் யாரும் எனக்குச் சொல்லல? நான்தான் கேக்கலையா — கேக்கணும்னே எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துப் படுக்கையைச் சுற்றி நான்கு பேர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27
வீடு. கொழுந்தன் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவர் மனைவி, என் ஓரகத்தி, என் அறைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கும் அப்படித்தான்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"அசதின்னு சொன்னேன்."

மே 2
நாளைக் காலையில் ஓரகத்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தானும் வருவதாகக் கொழுந்தன் சொன்னார். "நீங்க இருங்க. அக்கா இருக்காங்க" என்றாள் அவள்.