கன்றுக்குட்டி என்று நீ சொன்ன புலி

உன் கருமாதி முடிந்து துணிகளை மூட்டை கட்டினோம். பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் வந்தது, அந்துருண்டை நாற்றத்தோடு. முதுமலைக்குப் போகவென்று திண்டிவனத்தில் நீ வாங்கியது. உன் மருமகள் சத்யா அதைத் தூக்கிப் பிடித்து, "இத யாருக்குக் குடுக்கலாம் சின்னத்தை?" என்றாள்.

"கொளுத்திடு" என்றேன்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். மூத்த ஓரகத்திக்கு இளையவள் கொடுக்கிற மரியாதை. செத்துவிட்டாய், இனிமேல் 'நீ'தான்.

முதுமலைக்குப் போன வேனில் விழுப்புரம் தாண்டுவதற்குள் சன்னலோரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். வழியெல்லாம் அவித்த மல்லாட்டையைத் தின்று கடலைத்தோலை என் மடியில் போட்டாய். அதைக்கூட நான் மறக்கவில்லை என்றால் மற்றதை மறப்பேனா?

சத்யா அப்போது புதுப்பெண். முந்தின வாரம்தான் மோட்டார் கொட்டகையில் உன் பிள்ளை அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியதை நான் பார்த்திருந்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பதை நீயும் பார்த்துவிட்டாய். வழி நெடுக என்னை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே வந்தாய்.

காடென்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மழை பொய்த்த நம் கொல்லை மாதிரி காய்ந்து கிடந்தது. இலையில்லாத தேக்கும் உண்ணிச்செடியும் மண்புழுதியும்தான். இடது பக்கம் யானைக்கூட்டம் வந்ததும் வண்டியிலிருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். "எந்திரிக்காதீங்க, உக்காருங்க" என்று டிரைவர் அதட்டினார். கடைசி சீட்டில் நாம் மூன்று பெண்கள் மட்டும் வலது பக்கம். வறண்ட ஓடையில், மூங்கில் நிழலில் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தது. உன் கை என் கையை இறுக்கியது. நகம் பதிந்தது.

"புலி!" என்று நான் கத்தினேன். எல்லோரும் திரும்புவதற்குள் புதருக்குள் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் உன்னைத்தான் கேட்டார்: "அண்ணி, நெசமாவா?" நம் வீட்டில் மூத்தவள் ஆமாம் போட்டால்தான் இளையவள் சொன்னது பேச்சாகும்.

நீ சிரித்தாய். "அது எதோ கன்னுக்குட்டிப்பா. இவ கண்ணுக்குப் புலியாத் தெரியுது."

"இல்ல அத்தை, நானும் பாத்தேன், கோடு கோடா..." என்று சத்யா ஆரம்பித்தாள். அவள் தொடையில் உன் விரல் திருகியதை நான் பார்த்தேன்.

"என்னாடி பாத்த?"

"ஒண்ணும் பாக்கல அத்தை."

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'புலி பாத்தவ' என்று பேர். விளையாட்டு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

அடுத்த மாதம் வல்லத்திலிருந்து சத்யாவின் அப்பா நியாயம் கேட்டு வந்தார். கொட்டகையில் நான் கண்டதைப் பெரியவர்கள் முன்னால் சொன்னேன். நீ பதறவில்லை.

"இவ கண்ண நம்பிக்கினா பேசறீங்க? காட்டுல கன்னுக்குட்டியப் புலின்னவ சம்மந்தி இவ!"

கூடத்தில் சிரிப்பு. அந்த மனுஷரும் சிரித்தார், அக்கா. பிறகு மகளைக் கேட்டார். அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வழுக்கி உழுந்துட்டேம்பா" என்றாள். அவர் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். அந்த வருஷமே அவளுக்கு இடது காது கேட்காமல் போனது.

நீ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பீயும் மூத்திரமும் அள்ளியது அவள்தான். ஒருநாள் அவள் கஞ்சி வாங்கப் போன நேரத்தில் உன் முகத்தருகே குனிந்து கேட்டேன். "புலியப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்டி. அதுக்கென்னா இப்போ?" என்றாய். வாய் கோணியிருந்தும் சிரிப்பு கோணவில்லை.

உன் சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன் என்று எவளாவது சொன்னால் நம்பாதே.

துணிமூட்டையைக் கட்டி முடித்ததும் சத்யாவின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். "ஒங்கத்தையே ஒத்துக்கினா. இனிமே யாருக்கு பயம்? சொல்லு, அன்னிக்கி புலியப் பாத்த தானே?"

வாசலில் உன் பிள்ளையின் வண்டி வந்து நின்றது. அவள் தொடை மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கல சின்னத்தை."

நீ செத்தது அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அக்கா. தினமும் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.