நேர் விமானம் வியாழக்கிழமை

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவுக்கு மறுபடி மூச்சிரைப்பு. தங்கையை வரச் சொல்லட்டுமா என்று கேட்டால், "ஏழு மணி நேரம்தானே, முடியாம போனா கூப்பிட்டுக்கலாம்" என்கிறாள். தங்கை கல்யாணமாகி வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது நான் சொன்ன ஆறுதல் அது. நாலாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், ஏழு மணி நேரம். டிக்கெட் ஆபீஸில் எல்லோரிடமும் வாய் கூசாமல் இப்படித்தான் சொல்கிறோம். வானத்தில் இருக்கும் நேரம் மட்டும். மற்றதைச் சொன்னால் யார் டிக்கெட் எடுப்பார்கள்?

மார்ச் 9, திங்கள்

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

தங்கைக்குப் போன் செய்தேன். "இன்னைக்கே கிளம்பட்டுமாண்ணா?"

இன்று இருப்பது சுற்றுவழி. இரண்டு விமானம், நடுவில் ஒன்பது மணி நேரக் காத்திருப்பு. மொத்தம் பதினெட்டு மணி நேரம். நேர் விமானம் வாரத்தில் ஒரு நாள், வியாழன்தான். எதற்கு அலைய வேண்டும், வியாழனே ஏறு என்றேன்.

"அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

"தாங்குவாங்க."

இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் போட்டவன் சொன்னால் சரியாக இருக்குமாம். அவளும் நம்பிவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

அம்மா எழுந்து உட்கார்ந்து பால் குடித்தாள். தங்கையின் பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். நான் போட்ட கணக்கு சரிதான்.

மார்ச் 11, புதன்

இன்றும் பேசினாள். கொஞ்சம் குறைவு.

மார்ச் 12, வியாழன்

நேர் விமானம் ரத்து. இயந்திரக் கோளாறாம். தங்கை விமான நிலையத்தில் நின்று அழுகிறாள். சுற்றுவழியில் இடம் தேடினேன், நாளைக் காலை பத்து மணிக்குத்தான் கிடைத்தது. இங்கே வந்துசேர சனிக்கிழமை விடியற்காலை ஆகும். அம்மாவுக்கு இன்று பேச்சு இல்லை.

மார்ச் 13, வெள்ளி

மாலை நாலு இருபதுக்கு அம்மா போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

தங்கை நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, எப்போது என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப நான் நடுவுல இறங்கின ஊர் ஏர்போர்ட்ல உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன்."

அவள் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"திங்கக்கிழமையே கிளம்பியிருந்தா?"

செவ்வாய் மதியம் வீட்டில் இருந்திருப்பாய். பேசின அம்மாவைப் பார்த்திருப்பாய். ஒன்றரை நாள் முழுசாக. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் எண்ணத் தெரியும். திட்டவில்லை. திட்டித் தொலைச்சிருக்கலாம். செருப்பால அடிச்சிருக்கலாம். எந்தப் பெரிய மேதாவின்னு நான் தாங்குவாங்கன்னு சொன்னேன்? பதினெட்டு மணி நேரம்னா என்ன, அவ சிறகா முளைச்சு பறக்கணும்? சும்மா நாற்காலியில உட்கார்ந்தா போதுமே.

மார்ச் 20, வெள்ளி

அம்மாவின் புடவைகளைத் தங்கை மடித்து வைத்தாள். நான் உள்ளே போனதும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மார்ச் 26, வியாழன்

தங்கை கிளம்பிவிட்டாள். டிக்கெட்டை என்னிடம் கேட்கவில்லை, வேறு யாரிடமோ போட்டுக்கொண்டாள். "எதுக்கு உனக்குச் சிரமம்" என்றாள். வாசலோடு நின்றுகொள் என்று டாக்சியில் தனியாக ஏறினாள்.

ஆபீஸில் அவள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். சுற்றுவழி. நடுவில் பதினொரு மணி நேரம். இன்றைய நேர் விமானத்தில் முப்பது இடம் காலியாக இருந்தது.