மூத்தவள் எங்கிருந்து வந்தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. போன வாரம் போனில், இந்த நாட்டுக்காரியும் இல்ல நம்ம ஊர்க்காரியும் இல்லன்னு நடுவுல நிக்கிறேம்மா என்று அழுதாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் மேட்டில் தோண்டியெடுத்த பழங்காலத்துப் பெண்ணின் எலும்புக்கூட்டை ஊரே மூத்தவள் என்று கொண்டாடுகிறதல்லவா, அவளுடைய கடைவாய்ப்பற்களும் ஒரு எலும்புத் துண்டும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், எனக்குப் பிழைப்பே பல்லைப் பார்ப்பதுதான். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் பல்லின் மேல்பூச்சில் தங்கிவிடும், பிறகு மாறாது. எலும்பு வாழ வாழ மாறும், கடைசிக் காலத்துச் சாப்பாட்டைச் சொல்லும். இரண்டிலும் துளி பொடி சுரண்டி அமிலத்தில் கரைத்துப் பார்த்தேன். எலும்பு இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சொன்னது, பல் சொல்லவில்லை. இன்னொரு பல்லையும் பார்த்தேன், அதே கதைதான். அவள் வளர்ந்தது எங்கோ தூரத்தில், பெரும்பாலும் கடலோரத்தில்.

இதை ஊராரிடம் சொல்ல வேண்டிய நாளில் எங்கள் மேலதிகாரிக்குச் சரியாகக் காய்ச்சல் வந்துவிட்டது. அருங்காட்சியகக் கூடம் நிறைய ஆட்கள், நான்தான் எழுந்து சொன்னேன். அவளுக்குச் சிலை வைக்க அலைந்த மருந்துக்கடைக்காரர், அப்போ அவ நம்மவ இல்லையா என்று கேட்டார். கோபமில்லை, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் மாதிரி கேட்டார். நான் மிச்சத்தையும் சொன்னேன். அவள் தொடையெலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது, அதற்கப்புறமும் பல வருஷம் வாழ்ந்திருக்கிறாள், யாரோ தூக்கிவிட்டு, சோறு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த தையல்காரம்மா, தூக்கிச் சுமந்தவங்க ஊரு பேரு கேட்டுக்கிட்டா சுமந்தாங்க என்றாள். மறுநாள் மருந்துக்கடைக்காரரே வந்து, பெயர்ப்பலகையில் மூத்தவள் என்பதற்குக் கீழே தூரத்திலிருந்து வந்தவள் என்று சேர்க்கச் சொன்னாராம்.

நீ எந்த ஊர்க்காரி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை கண்ணு. ஆனால் உன் பிரசவத்துக்கு எனக்கு விசா கிடைக்காதபோது, அடுத்த வீட்டு டீச்சரம்மா தினமும் வந்து உன்னைக் குளிப்பாட்டிவிட்டாள் என்றாயே. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நோய்நொடி அண்டாமல் மூவரும் முகம் மலர்ந்து இருங்கள். அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன், கட்டத் தெரியாவிட்டால் நீ கட்டிவிடு.

என்றும் உன் நினைவாகவே
அம்மா